குழல் மாற்றிய மார்ட்டினி ரைஃபிளில் எந்தத் தோட்டா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு ரைஃபிளின் பழைய உரிமப் புத்தகத்தில் மாவட்டம் "வட ஆற்காடு" என்று இருக்கிறது. 1989-இல் அந்த மாவட்டம் இரண்டானது. 2019-இல் வேலூர் மூன்றானது. புத்தகமும் மாறிக்கொண்டே வந்தது. துப்பாக்கி மட்டும் அதேதான்: மார்ட்டினி பூட்டு, ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டா, லீவரை இறக்கினால் தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் கட்டை இறங்கும். முதலில் அதில் கருமருந்துக்கான பெரிய குழல் இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதைக் கழற்றிவிட்டு .315 குழல் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது, எந்த வருடம், எந்தப் பட்டறையில் என்பதற்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

நம் பக்கத்தில் இப்படிப்பட்ட துப்பாக்கி பல வீடுகளில் இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, தேர்தல் வந்தால் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வந்து பீரோவில் வைப்பார்கள். ஒருநாள் மகனோ பேரனோ "ரேஞ்சில் சுட்டுப் பார்க்கலாமா" என்று கேட்பான். இந்தக் கட்டுரை அந்த நாளுக்காக.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் கம்மவான்பேட்டைக்காரர். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு மாமா முறை. முதல்முறை ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, காலிக் கூடுகளை, அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளை உறைகளை, கைக்குட்டையில் முடிந்து பெருமையாக அவரிடம் கொண்டு போனேன். "கேப்பைப் பாருங்க மாமா, கொஞ்சம்கூடத் தட்டையாகல. பிரஷர் சரியாத்தான் இருக்கு" என்றேன். (கேப் என்பது கூட்டின் அடியில், ஊசி குத்தியதும் வெடிக்கும் சிறு மூடி.) அவர் கூட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கேப்பு தட்டையாவறதுக்குள்ள இந்தப் பூட்டு போயிடும். கூடு நல்லாருக்குன்னா கூடு நல்லாருக்கு, அவ்ளோதான். துப்பாக்கி நல்லாருக்குன்னு அது சொல்லல."

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. கேப் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் விழுவது எல்லாம் இக்கால போல்ட் ரைஃபிள்களை (கைப்பிடியைத் திருப்பிப் பூட்டுபவை) வைத்துப் பழகிய அடையாளங்கள். அந்த உலோகமும் பூட்டும் மிக உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும். பித்தளைதான் அங்கே முதலில் அலறும். மார்ட்டினி–ஹென்றி 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது, கருமருந்துக்காக. அதன் பூட்டு இளகும் இடம், பித்தளை வாய் திறக்கும் இடத்துக்கு மிகவும் கீழே இருக்கிறது. ஆகவே "அறிகுறி இல்லை, இன்னும் போகலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. அறிகுறி வந்தால் நிறுத்துவதற்கு அது போதும். வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

சுடுவதற்கு முன்னால்

குழலின் அடியில், மரத்தை எடுத்தால் தெரியும் இடத்தில், சோதனை முத்திரைகளைப் பாருங்கள். பிர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இருக்கிறது. 1904-க்குப் பிறகு அங்கே சோதித்த குழல்களில் கிரீடத்தின் கீழே 'பி.பி.' (BP) இருந்தால் கருமருந்துச் சோதனை, 'என்.பி.' (NP) இருந்தால் நைட்ரோ, அதாவது புகையில்லா மருந்துக்கான சோதனை. 'பி.பி.' மட்டும் இருக்கும் குழலில் இன்றைய தோட்டாவை நினைத்தே பார்க்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. முத்திரை குத்திய பிறகு, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. அது சோதித்த துப்பாக்கி வேறு, உங்கள் கையில் இருப்பது வேறு.

முத்திரையே இல்லாமல், எழுத்துகள் கோணலாக, ஆங்கில 'என்' (N) எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருந்தால், அது கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகலாக இருக்கலாம். பார்வைக்கு அசல் மார்ட்டினி போலவே இருக்கும். எந்த இரும்பில் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள்.

அடுத்தது அளவு. உரிமத்தில் எழுதியிருக்கும் போரும் (குழலின் உள்ளளவு) குழலின் உண்மையான போரும் ஒன்றா என்று உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சேம்பரில் 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் செரோசேஃப் கலவையை ஊற்றி அச்சு எடுப்பார்கள். குழலின் உள்ளளவுக்கு மென்மையான ஈயக் குண்டை எண்ணெய் தடவித் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் பிடிப்பார்கள். .315 என்பது குழலின் மேட்டளவு, அதாவது குண்டைச் சுழற்றும் திருகு வரிகளான புரியின் மேடுகளுக்கு நடுவே உள்ள அளவு. புரியின் பள்ளத்தோடு சேர்த்து அளந்தால் சுமார் 0.323 அங்குலம் வர வேண்டும். நிறைய வித்தியாசம் இருந்தால் அது .315 குழலே இல்லை.

ராணிப்பேட்டையில் நல்ல லேத் பட்டறைகள் உண்டு, நல்ல கைகளும் உண்டு. ஆனாலும் துப்பாக்கியை அங்கே எடுத்துப் போகாதீர்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி பழுது பார்ப்பதற்கும், மாற்றுவதற்கும், சோதிப்பதற்கும்கூட உரிமம் வேண்டும்.

இப்போது கணக்கு. சுடும்போது பூட்டின் மேல் விழும் தள்ளுவிசை, கூட்டின் அடிப் பரப்பையும் உள் அழுத்தத்தையும் பெருக்கினால் கிடைக்கும். மார்ட்டினியின் பழைய பெரிய கூட்டின் அடி 0.668 அங்குலம், பரப்பு 0.350 சதுர அங்குலம். .315-இன் அடி சுமார் 0.493, பரப்பு 0.191. ஒரு பேச்சுக்கு அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டு என்று வையுங்கள். சிறிய கூடு பூட்டை ஏறக்குறைய மூன்றரை டன் விசையோடு தள்ளும். அதே அழுத்தம் பெரிய கூட்டில் வந்தால் ஆறேகால் டன்னைத் தாண்டும். சிறிய தோட்டாவுக்கு மாற்றியவர்கள் முட்டாள்கள் அல்ல என்பது இதில் புரியும். பெரிய கருமருந்துத் தோட்டாவின் தள்ளுவிசையும் சிறிய நைட்ரோ தோட்டாவின் தள்ளுவிசையும் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடும். ஆனால் இது பூட்டுக்கு மட்டுமான கணக்கு. குழலின் சுவர், ஊசித் துளை, கூடு கிழிந்தால் வாயு எங்கே போகும் என்ற கேள்வி, இவற்றுக்கு இதில் பதில் கிடையாது.

தோட்டா உள்ளே போக மறுக்கிறது, அல்லது போயும் கட்டை ஏறவில்லை

லீவரை அமுக்கி ஏற்றாதீர்கள். முதலில் வெறும் சேம்பரை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை காரணம் சந்தனம். பூஜையில் பிரீச்சின் (குழலின் பின்வாய்) மேல் வைத்த பொட்டு வழிந்து, விளிம்பு உட்காரும் காடியில் காய்ந்து ஓடாகிக் கிடந்தது. மரக்குச்சியால் சுரண்டித் துணியால் துடைத்ததும் சரியானது. அதன் பிறகு பொட்டு மரக்கட்டையில் மட்டும்தான்.

அழுக்கு இல்லையென்றால் தோட்டா வேறு, சேம்பர் வேறு. அழுத்தி ஏற்றிய தோட்டாவில் குண்டு முன்பக்கம் புரியில் இறுகி நிற்கும். சுடும்போது அழுத்தம் தேவையைவிட ஏறும்.

தோட்டா லொடலொடவென்று உட்காருகிறது

இது முந்தையதைவிட மோசம், ஏனென்றால் எல்லாம் சுலபமாக நடப்பதுபோல் தோன்றும். நம் நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் .410 மஸ்கட். இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் .303 ரைஃபிள்களை எடுத்து, குழலின் புரியை நீக்கி, மேகசினை மரத்துண்டால் அடைத்து, காவலுக்கென்று ஒற்றைத் தோட்டா ஆயுதமாக்கினார்கள். அதன் கூடு .303 கூட்டின் கழுத்தைச் சுருக்காமல் விட்ட வடிவம், அடி 0.460 அங்குலம். கடையில் கிடைக்கும் .410 ஷாட்கன் தோட்டாவின் அடி 0.478. மாற்றாத மஸ்கட்டில் அது போகாது. யாரோ சேம்பரைக் கடைந்து அதற்காகப் பெரிதாக்கியிருந்தால், பழைய மஸ்கட் தோட்டா அதில் ஆடும், சுட்டால் கூடு ஊதிக் கிழியும். இன்னொரு பயங்கரம்: .303 குண்டுத் தோட்டாவும் மஸ்கட் சேம்பரில் போய் உட்காரும். குழலில் 'நாலு பத்து' என்று குத்தியிருக்கிறது என்பதை மட்டும் நம்பி எதையும் போடாதீர்கள். அச்சு எடுத்துப் பார்த்த பிறகே பேச்சு. (.303 போல்ட் ரைஃபிளும் .410 மஸ்கட்டும் கட்டுப்படுத்தப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் கிடைப்பவை அல்ல.)

சுட்ட கூடு வெளியே வர அடம்பிடிக்கிறது

மார்ட்டினியின் கூடு இழுக்கும் கொக்கிக்குப் பலம் குறைவு. போல்ட் துப்பாக்கியில் முறுக்கிப் பிடுங்குவதுபோல இதில் முடியாது. அதனால் கொஞ்சம் ஒட்டினாலும் தெரிந்துவிடும். அது ஒரு வசதிதான்.

கூட்டின் வெளிப்பக்கத்தை நகத்தால் வருடுங்கள். நீளவாட்டுக் கீறல் தட்டுப்பட்டால் சேம்பரில் துரு. ஒப்படைத்து வாங்கிய துப்பாக்கி மழைக்காலம் முழுக்க உறையோடு கிடந்திருந்தால் இது சகஜம். கூடு வழுவழுவென்று இருந்தும் ஒட்டினால் அழுத்தம் என்றே வையுங்கள், சுடுவதை அன்றோடு நிறுத்துங்கள். "எண்ணெய் தடவிப் போட்டால் சுலபமாக வருமே" என்பார்கள். வரும். எண்ணெய் பூசிய கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காது, முழுத் தள்ளுவிசையும் பூட்டின் மேல் விழும். பழைய பூட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கேப் பேசுவது

கேப் கூட்டின் அடியிலிருந்து மேலே எழும்பி நிற்கிறதா? பலரும் இதைப் பார்த்து அழுத்தம் அதிகம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் தலைகீழ். அழுத்தம் குறைவு, பூட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அழுத்தம் போதுமானதாக இருந்தால் கூடு பின்னால் நகர்ந்து கேப்பைத் திரும்ப உள்ளே அழுத்திவிடும். இங்கே கவனிக்க வேண்டியது அந்த இடைவெளிதான்.

ஊசி பட்ட குழியைச் சுற்றி எரிமலை வாய் போல விளிம்பு எழும்பியிருக்கிறதா? குழல் மாற்றிய மார்ட்டினிகளில் இது மிகச் சாதாரணம். பெரிய தோட்டாவுக்கான தடித்த ஊசியும் அகலமான துளையும் அப்படியே இருக்க, சிறிய கேப் அந்தத் துளைக்குள் பிதுங்குகிறது. ஒழுங்காக மாற்றியவர் துளைக்கு அதைச் சிறிதாக்கும் வளையமான புஷ் போட்டு, ஊசியை மெலிதாக்கியிருப்பார். புஷ் இல்லையென்றால் மாற்றியவர் பாதி வேலையோடு விட்டிருக்கிறார் என்று பொருள். அவர் விட்ட மற்ற பாதியும் எங்கேயோ இருக்கும்.

கேப் ஓட்டையாகியிருந்தால் அடுத்த தோட்டா வேண்டாம்.

விளிம்புக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம், அல்லது கூடு இரண்டாகப் போகிறது

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் துப்பாக்கியில் இருந்த குறை இதுதான், நான் ஒரு வருடம் அதைப் பார்க்கவே இல்லை.

மாமா சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை எடுத்து, நுனியைக் கூராக்கி 'ட' போல வளைத்துக் கொடுத்தார். காலிக் கூட்டுக்குள் விட்டு, அடியைத் தொட்டுவிட்டு, சுவரை உரசியபடி மேலே இழுக்கச் சொன்னார். அடியிலிருந்து அரை விரல்கூட வரவில்லை, கம்பி ஒரு பள்ளத்தில் 'டக்' என்று மாட்டியது. வெளியே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் அந்தக் கூட்டை நீளவாட்டில் அறுத்துக் காட்டினார். சுவர் ஒரே இடத்தில், காகிதம் போல மெலிந்திருந்தது. இன்னும் சில வெடியில் அந்த இடத்தில் கூடு இரண்டாகியிருக்கும். முன்பாதி சேம்பரில் தங்க, வாயு பின்னால் என் முகத்துக்கு வந்திருக்கும்.

காரணம் ஹெட்ஸ்பேஸ். விளிம்புள்ள தோட்டாவில் பூட்டுக்கும் குழலுக்கும் நடுவே விளிம்பின் தடிமனுக்கே இடம் இருக்க வேண்டும். .303-ஐ எடுத்துக்கொண்டால் குறைந்தபட்சம் 0.064 அங்குலம், ராணுவம் விட்ட கடைசி எல்லை 0.074. தலைமுடி மூன்று நான்கின் தடிமன்தான் வித்தியாசம். மார்ட்டினியில் கட்டையைத் தாங்கும் முளையும் பின்சுவரும் தேயத் தேய இந்த இடைவெளி வளரும். கேஜ் வைத்துப் பார்ப்பதே சரி. வீட்டில் ஓர் அந்தாசுக்கு, கேப் கழற்றிய சுத்தமான காலிக் கூட்டின் அடியில் செல்லோடேப்பை வட்டமாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டி, எத்தனையாவது அடுக்கில் கட்டை ஏற மறுக்கிறது என்று பாருங்கள். ஓர் அடுக்கு சுமார் 0.002 அங்குலம். ஐந்து அடுக்குக்கும் லீவர் சிரமமில்லாமல் மூடினால் துப்பாக்கி நேராகப் பழுதாளரிடம் போக வேண்டும்.

இந்தக் குறையோடு மென்மையான தோட்டாவும் ஆபத்து. தோட்டாவை மாற்றி ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்ய முடியாது.

முகத்தில் சூடான காற்று

ஒரே ஒரு தடவை பட்டாலும் முடிந்தது. கண்ணாடி போடாமல் பழைய பூட்டின் பின்னால் உட்காரவே கூடாது. மூக்குக் கண்ணாடி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

'டிக்' சத்தம் மட்டும், அல்லது 'புஸ்'

'டிக்' மட்டும் வந்தால் குழல் இலக்கை விட்டு நகரக் கூடாது. மனதுக்குள் அறுபது எண்ணுங்கள். பழைய தோட்டாவில் கேப் பற்றி மருந்து பற்றத் தாமதமாகும். அந்த நேரத்தில் லீவரை இறக்கினால் வெடி உங்கள் கைக்குள். எண்ணி முடித்த பிறகு முகத்தை விலக்கித் திறங்கள். கேப்பில் ஊசித் தடம் லேசாக இருந்தால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் தோட்டா செத்துவிட்டது, அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்குங்கள்.

'புஸ்' என்று மெலிந்த சத்தம் வந்து, உதையும் இல்லையென்றால் குண்டு குழலுக்குள்ளேயே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோல் விட்டுப் பார்க்காமல் அடுத்ததைப் போட்டால் குழல் ஊதும். ஏற்கெனவே யாராவது அப்படிச் செய்திருந்தால், பூட்டைத் திறந்து வெள்ளைத்தாளை நோக்கிக் குழல் வழியாகப் பாருங்கள். புரிக்கு நடுவே நிழல் போல ஒரு வளையம் தெரியும். அந்தக் குழலில் எந்தத் தோட்டாவும் பாதுகாப்பில்லை.

"அப்படியானால் தோட்டாவைப் பிரித்து மருந்தைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டா தயாரிப்பதற்கும் அதே 5-ஆம் பிரிவில் உரிமம் வேண்டும். அது ஒருபக்கம் இருக்கட்டும். மெதுவாக எரியும் மருந்தை அரைகுறையாகப் போட்டால் ஒன்று 'புஸ்' என்று போகும், அல்லது எதிர்பாராத அழுத்தம் ஏறும். குறைவு என்றால் பாதுகாப்பு என்பது கருமருந்திலும் பொய். கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விட்டால் குழல் வீங்கும்.

அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துளை மாதிரி நீள ஓட்டை

குண்டு பக்கவாட்டில் போகிறது. குழல் குண்டைப் பிடிக்கவில்லை, அல்லது புரியின் முறுக்கு போதவில்லை. பழைய மார்ட்டினி–ஹென்றிக் குழலில் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. .303-இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஈயக் குண்டு தள்ளிப் பார்க்காமல் விட்டவர்களுக்கு இந்த ஓட்டை இரண்டாவது எச்சரிக்கை.

காலையில் நன்றாகச் சுட்டது, மதியம் கூடு ஒட்டுகிறது

வேலூர்க்காரர்களுக்கென்றே உள்ள அறிகுறி. கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர். பைக் டேங்க் கவரிலோ கார் டிக்கியிலோ வைத்த தோட்டாவின் சூடு அதைவிட எவ்வளவோ மேலே. மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். கார்டைட் என்ற பழைய புகையில்லா மருந்தில் இது இன்னும் கூடுதல். முதல் கார்டைட்டில் பாதிக்கு மேல் நைட்ரோகிளிசரின், 58 சதவீதம். வெள்ளைக்காரர்கள் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டு, வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தார்கள். நம் நீலகிரியின் அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய ஆலைக்குப் பெயரே கார்டைட் ஆலைதான்.

குளிரான காலையில் கூடு சுலபமாக வந்தது என்பதை வைத்து மே மாதத்துக்கு முடிவெடுக்காதீர்கள். தோட்டாவை டிபன் பையில், ஈரத்துணி படாமல், நிழலில் வையுங்கள். சுட்ட சூட்டோடு இருக்கும் சேம்பரில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

தாத்தா வைத்த பழைய பெட்டியைத் திறக்கும்போது புளித்த, மூக்கைக் குத்தும் வாடை வந்தாலோ, பித்தளையில் பச்சை பூத்திருந்தாலோ மருந்து கெட்டுக்கொண்டிருக்கிறது. சுடாதீர்கள், பிரிக்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். எண்ணிக்கை எழுதி, உரிமப் புத்தகத்தோடு, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

சுட்டதும் லீவர் தானே இறங்குகிறது, அல்லது இறங்கவே இல்லை

லீவர் தானே இறங்கினால் பூட்டின் பிடிமானம் தேய்ந்துவிட்டது. இறங்கவே இல்லையென்றால் கட்டையோ முளையோ வளைந்திருக்கும். எதுவானாலும் பூட்டைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, முளை போகும் துளைகளைச் சுற்றியும் பின்சுவரின் மூலைகளிலும் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தூவி ஒரு ராத்திரி வைத்தால், விரிசலில் ஊறிய எண்ணெய் மெலிந்த கறுப்புக் கோடாக மேலே வரும்.

என் ரைஃபிளில் அந்தக் கோடு வரவில்லை. முளையும் கட்டையும் மட்டும் தேய்ந்திருந்தன. பழுதாளர் அவற்றை மாற்றி, ஊசித் துளைக்குப் புஷ் போட்டு, கேஜில் சரிபார்த்தார். முதல் மூன்று தோட்டாவை யாரும் தோளில் வைத்துச் சுடவில்லை. மணல் மூட்டைக்கு நடுவே கட்டி, கயிறு போட்டு இழுத்தார்கள். மூன்று கூட்டையும் போக்ஸ் கம்பியால் தடவிப் பார்த்தோம், அறுத்தும் பார்த்தோம். ஆலையில் செய்த ஒரே வகைத் தோட்டா, அதுவும் புதிய பெட்டி, மார்கழி முதல் மாசி வரை, காலை பத்து மணிக்குள். எங்கள் ரைஃபிளுக்கு இவ்வளவுதான் என்று உரிமப் புத்தகத்தின் உறைக்குள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தமுறை யார் மாற்றினார்கள், எந்த வருடம், எந்தெந்தப் பாகம் என்பதும் அதே தாளில் இருக்கிறது.